தகரப் படகும் அகல வாய் மீனும்

1932ஆம் வருடம், ஜூன் 2. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம். மழை பெய்து வயலெல்லாம் சேறு. உழ முடியாது. ஜார்ஜ் பெர்ரி என்ற இளம் விவசாயி, சும்மா இருப்பானேன் என்று நண்பர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு மாண்ட்கோமரி ஏரிக்கு மீன் பிடிக்கக் கிளம்பினார். ஏரி என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஆறு தடம் மாறியபோது விட்டுச்சென்ற பழைய வளைவில் தேங்கி நின்ற தண்ணீர், அவ்வளவுதான். வீட்டில் செய்த ஒரு சின்ன மரப் படகு. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே தூண்டில்.

அன்று மாட்டிய மீனின் எடை 22 பவுண்ட் 4 அவுன்ஸ், அதாவது பத்து கிலோவுக்குச் சற்று அதிகம். லார்ஜ்மவுத் பாஸ் என்னும் மீன் இனத்தில் உலக சாதனை. வீட்டுக்குக் கொண்டுபோய் சமைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள்! 2009இல் ஜப்பானின் பீவா ஏரியில் மனாபு குரிடா என்பவர் ஏறக்குறைய அதே எடையில் ஒரு மீன் பிடித்தார். எடை வித்தியாசம் ஒரு அவுன்ஸ் கூட இல்லாததால் இருவருக்கும் சாதனையில் சம பங்கு என்று முடிவானது.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. பாஸ் பிடிக்க இன்று அமெரிக்காவில் விற்கும் பளபளப்பான படகுகளின் விலை ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டும் அளவுக்கு இருக்கிறது. சாதனை மீனோ நாலு பலகையை அடித்துச் செய்த படகில் ஏறியது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மூன்றாவது படகு இருக்கிறது. அலுமினியத் தகட்டில் செய்த, 14 அல்லது 16 அடி நீளமுள்ள, தட்டையான அடிப்பாகம் கொண்ட சின்னப் படகு. அமெரிக்கர்கள் செல்லமாக 'டின் போட்' என்கிறார்கள். தகரப் படகு! அதில் தகரம் ஒரு கிராம் கூட இல்லை என்பது வேறு விஷயம். இந்தப் படகின் கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் மீனைப் பற்றி இரண்டு வார்த்தை. (பாஸ் என்றதும் முதலாளி ஞாபகம் வந்தால் தவறில்லை, குளத்தில் அதுதான் முதலாளி.) இந்த மீன் நட்ட நடு ஏரியில் கூட்டமாகத் திரிவதில்லை. தண்ணீரில் மூழ்கிய மரக்கட்டை, களைச்செடி, பாறை விளிம்பு என்று ஏதாவது ஒன்றின் மறைவில் பதுங்கி நின்று, பக்கத்தில் வருவதைப் பாய்ந்து விழுங்கும். ஆகவே வலை வீசிப் பயனில்லை. சத்தமில்லாமல் கிட்டே போக வேண்டும், நிற்க வேண்டும், கட்டைக்குப் பக்கத்தில் குறிபார்த்துப் போலி இரையை எறிய வேண்டும், பிறகு அடுத்த கட்டைக்கு நகர வேண்டும். ஒரு நாளில் பல நூறு தடவை. இதற்கு ஏற்ற படகு ஆழமில்லாத இடத்திலும் மிதக்க வேண்டும், ஆள் எழுந்து நின்றால் கவிழக் கூடாது, சத்தம் போடக் கூடாது. இந்த மூன்றும்தான் பின்னால் வந்த எல்லா மாற்றங்களுக்கும் மூலகாரணம்.

அமெரிக்காவின் நடுப்பகுதியில் மிசூரி, ஆர்கன்சா மாநிலங்களின் எல்லையில் ஓசார்க் என்ற மலைப்பகுதி இருக்கிறது. அங்கே ஓடும் வெள்ளை ஆற்றிலும் ஜேம்ஸ் ஆற்றிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'ஜான் போட்' என்ற மரப்படகு புழக்கத்தில் இருந்தது. நீண்டு ஒடுங்கியது, அடிப்பாகம் பலகை போல் தட்டை, இரு முனையும் சதுரமாக வெட்டியது போலிருக்கும். சில அங்குலத் தண்ணீர் இருந்தால் போதும், மிதக்கும். பட்டணத்துக்காரர்கள் ரயிலேறி வந்து, முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து மீன் பிடிப்பார்கள். உள்ளூர் வழிகாட்டி பின்னால் துடுப்போடு இருப்பார். கலீனா என்ற ஊரில் ஏறினால் ஆற்றோடு மிதந்து, மணல் திட்டுகளில் கூடாரம் போட்டுத் தங்கி, நூறு மைலுக்கு மேல் வளைந்து வளைந்து பிரான்சனில் போய் இறங்கலாம். பிறகு படகை ரயிலில் ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். ஆற்றில் பல நாள் ஆன தூரம் ரயிலில் கொஞ்ச நேரம்! 1930களில் பிரான்சனில் ஜிம் ஓவன் என்பவர் இதையே ஒரு பெரிய தொழிலாக நடத்தினார்.

மரப் படகுக்கு ஒரு பெரிய குறை. தண்ணீரிலேயே கிடந்தால் பலகை ஊறிப் பருத்து இடுக்கு அடைபடும். கரையில் காய்ந்தால் சுருங்கி ஒழுகும். ஆற்றோரத்தில் குடியிருப்பவனுக்கு இது பொருட்டில்லை. வாரம் ஐந்து நாள் ஆலையில் வேலை செய்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் மீன் பிடிக்கப் போகிறவனுக்கு? வாரம் முழுக்க வெயிலில் காய்ந்த படகை இறக்கினால் மீனுக்குப் பதில் தண்ணீரை இறைத்துக்கொண்டிருக்க வேண்டும். எடையும் அதிகம். ஒரு ஆள் தூக்க முடியாது.

அந்த ஆறே பிறகு இல்லாமல் போனது. வெள்ளை ஆறும் அதன் கிளைகளும் வெள்ளத்துக்குப் பேர்போனவை. அமெரிக்க ராணுவத்தின் பொறியாளர் படை அங்கே வரிசையாக அணை கட்டியது. நார்ஃபோர்க் 1944இல், புல் ஷோல்ஸ் 1951இல், டேபிள் ராக் 1958இல், பீவர் 1966இல் முடிந்தன. வெள்ளம் அடங்கியது, மின்சாரம் வந்தது. பள்ளத்தாக்கில் இருந்த பண்ணைகளும் வீடுகளும் தண்ணீருக்கு அடியில் போயின. மிதவைப் பயணம் போன ஆற்றின் பெரும் பகுதி காணாமல் போக, டேபிள் ராக் அணை எழுந்ததோடு ஜிம் ஓவனின் தொழிலும் முடிவுக்கு வந்தது. அணையின் அடியிலிருந்து வெளியேறும் தண்ணீர் ஜில்லென்று இருந்ததால் வெதுவெதுப்பான நீரில் பழகிய மீன்கள் அணைக்குக் கீழே வாழ முடியவில்லை. அங்கே ட்ரவுட் மீனைக் கொண்டுவந்து விட வேண்டியதாயிற்று.

அணைக்கு மேலே நடந்தது நேர் எதிர். மூழ்கிய காடு, மூழ்கிய வேலி, மூழ்கிய சாலை... பாஸ் மீனுக்கு இதைவிட நல்ல வீடு கிடையாது. ஆற்று மீன்பிடிப்பை அழித்த அதே அணைகள் ஏரி மீன்பிடிப்பை உண்டாக்கின. அழிந்தவனும் ஆதாயம் பெற்றவனும் ஒரே ஆள் இல்லை என்பதைத்தான் வரலாறு எழுதுகிறவர்கள் பல சமயம் விட்டுவிடுகிறார்கள்.

படகுக்கான உலோகம் வந்தது போரிலிருந்து. அலுமினியம் ஒரு காலத்தில் ஆடம்பரப் பொருள். 1884இல் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் நூறு அவுன்ஸ் அலுமினியத்தை வைத்ததையே அதிசயமாகப் பார்த்தார்கள். 1886இல் அமெரிக்காவில் ஹால், பிரான்சில் எரூல் என்று இருவர், ஒருவரையொருவர் அறியாமல், மின்சாரத்தால் அதைப் பிரிக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். விலை விழுந்தது. இரண்டாம் உலகப் போரில் விமானம் கட்டுவதற்காக அமெரிக்காவின் உற்பத்தி 1939க்கும் 1943க்கும் இடையில் ஐந்து மடங்குக்கு மேல் ஏறியது. அந்நாட்டில் வெட்டியெடுத்த பாக்சைட்டில் பெரும் பகுதி ஆர்கன்சா மாநிலத்திலிருந்தே வந்தது. அங்கே பாக்சைட் என்ற பெயரிலேயே ஒரு ஊர் உண்டு. பின்னாளில் பாஸ் படகுத் தொழிலுக்குப் பெயர் வாங்கியதும் இதே மாநிலம்தான் என்பது ஒரு வேடிக்கையான பொருத்தம்.

போர் 1945இல் முடிந்தது. விமான ஆர்டர்கள் ரத்தாயின. தகடும் இருக்கிறது, ரிவெட் அடிக்கத் தெரிந்த ஆட்களும் இருக்கிறார்கள், வேலை இல்லை. ஹெல்கேட் போர் விமானத்தைக் கட்டிய கிரம்மன் நிறுவனத்தில் வில்லியம் ஹாஃப்மன் என்ற துணைத் தலைவர் இருந்தார். 1944இல் மலைப்பகுதியில் விடுமுறைக்குப் போனவர், மரமும் துணியும் சேர்த்துச் செய்த கனூவைத் தோளில் சுமந்து முதுகு வலித்துத் திரும்பினார். விமானத் தகட்டில் இதைச் செய்தால் என்ன என்று தோன்றியது. போர் முடிந்ததும் கிரம்மன் அலுமினியக் கனூ சந்தைக்கு வந்தது. மினசோட்டா மாநிலத்தில் 1946இல் அலுமாகிராஃப்ட், 1948இல் லண்ட் என்று வேறு நிறுவனங்களும் கிளம்பின. பழைய ஜான் போட்டின் வடிவத்தை அப்படியே அலுமினியத்தில் அச்செடுத்தது போன்ற படகுகளும் வந்தன.

எஃகு தண்ணீரைப் போல் ஏறத்தாழ எட்டு மடங்கு கனம், அலுமினியம் 2.7 மடங்குதான். 14 அடி அலுமினிய ஜான் போட் சாதாரணமாக 70 முதல் 110 கிலோவுக்குள் இருக்கும். இரண்டு பேர் தூக்கி லாரியின் பின்னால் போட்டுக்கொண்டு போகலாம். காய்ந்தாலும் சுருங்காது. பெயின்ட் அடிக்காவிட்டாலும் துருப்பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமை மீனவனுக்குக் கடவுள் கண்ணைத் திறந்தார் எனலாம்.

இதற்கிடையில் மற்ற சாமான்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. 1934இல் வடக்கு டகோட்டாவின் ஃபார்கோ நகரில் ஓ.ஜி. ஷ்மிட் என்பவர் பேட்டரியில் ஓடும் சிறு மோட்டாரைச் செய்தார். மினசோட்டா, டகோட்டா இரண்டு பெயரையும் ஒட்டி மின் கோட்டா என்று அதற்குப் பெயர். 1951இல் மிசிசிப்பி மாநிலத்து ஹாரிஸ் என்பவர் அதைப் படகின் முன்முனையில் மாட்டி, காலால் மிதித்துத் திருப்பும்படி செய்தார். சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் இரண்டு கையும் தூண்டிலுக்கு மிச்சமானது இதனால்தான். மீனவன் படகின் பின்னாலிருந்து முன்னால் குடிபெயர்ந்ததும் இதனால்தான். 1957இல் கார்ல் லாரன்ஸும் அவர் பிள்ளைகளும் ஏரியின் ஆழத்தையும் மீனையும் காட்டும் சின்ன சோனார் பெட்டியை விற்கத் தொடங்கினார்கள்.

பாஸ் மீனுக்கென்றே கட்டிய முதல் படகு என்று பொதுவாகச் சொல்லப்படுவது ஸ்கீட்டர். 1948இல் லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில் ஹோம்ஸ் தர்மண்ட் மரத்தில் கட்டியது. அடுத்த இருபது வருடத்தில் ஃபைபர் கிளாஸ் வந்தது. 1967 ஜூனில் ரே ஸ்காட் என்ற இன்சூரன்ஸ் ஏஜென்ட் பீவர் ஏரியில் ஒரு பாஸ் பிடிக்கும் போட்டி நடத்தினார். ஆளுக்கு நூறு டாலர் கட்டணம், 106 பேர் வந்தார்கள். மறு வருடம் அவர் தொடங்கிய சங்கம் இந்தப் பொழுதுபோக்கைப் பெரும் விளையாட்டாக்கியது. அதே 1968இல் ஆர்கன்சாவின் ஃப்ளிப்பின் ஊரில் ஃபாரஸ்ட் வுட் என்ற மீன்பிடி வழிகாட்டி ரேஞ்சர் படகு நிறுவனத்தைத் தொடங்கினார். முதல் வருடம் கட்டியது ஆறே படகு. பிறகு குதிரைத்திறன் ஏறியது, மினுமினுப்பு ஏறியது, விலையும் ஏறியது.

அவ்வளவு பணம் இல்லாதவர்கள் என்ன செய்தார்கள்? ஜான் போட்டை வாங்கி வீட்டு முற்றத்தில் வைத்து வெட்டி ஒட்டினார்கள். முன்பக்கம் பிளைவுட் போட்டு மேடை, அதன்மேல் கார்பெட், சுழலும் நாற்காலி, முன்முனையில் காலால் மிதிக்கும் மோட்டார், பின்னால் ஐஸ் பெட்டியைத் திருத்திச் செய்த மீன் தொட்டி. விலையுயர்ந்த படகு செய்கிற வேலையில் பெரும்பகுதியை இது செய்தது. கார்பெட் அழகுக்காக மட்டும் இல்லை. வெறும் அலுமினியத் தரையில் இடுக்கி ஒன்று விழுந்தால் கோயில் மணி அடித்தது போல் தண்ணீருக்குள் கேட்கும்.

இந்த முற்றத்துப் பட்டறையைக் கவனித்தவர் ஜானி மாரிஸ். மிசூரியின் ஸ்பிரிங்ஃபீல்டில் அப்பாவின் மதுக்கடையில் ஒரு மூலையில் 1972இல் தூண்டில் சாமான் விற்கத் தொடங்கியவர். அந்தக் காலத்தில் படகு ஒரு கடை, மோட்டார் ஒரு கடை, ட்ரெய்லர் இன்னொரு கடை என்று அலைந்து வாங்கி, பிறகு தானே பொருத்த வேண்டும். 1978இல் அவர் 'பாஸ் டிராக்கர்' என்ற அலுமினியப் படகைக் கொண்டுவந்தார். மேடை, மோட்டார், ட்ரெய்லர் எல்லாம் சேர்த்து 2,995 டாலர். விலை முன்கூட்டியே அச்சில். ஆலைத் தொழிலாளியும் பள்ளி ஆசிரியரும் கடனில் வாங்கக்கூடிய பாஸ் படகு அது. ஃபைபர் கிளாஸ்காரர்கள் ஏளனம் செய்த தகரப் படகு, எண்ணிக்கையில் அவர்களுக்குச் சவாலானது.

அதே 1978இல் இன்னொன்றும் நடந்தது. இது அவ்வளவாக யாரும் பேசாதது. மோட்டார் படகுகள் கவிழ்ந்து இறப்போர் அதிகமானதால் அமெரிக்கா 1971இல் படகுப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்திருந்தது. 20 அடிக்குக் குறைவான படகில் எத்தனை பேர், எவ்வளவு எடை, எத்தனை குதிரைத்திறன் என்று ஒரு தகடு ஒட்ட வேண்டும் என்பது அதன் ஒரு விதி. 1978 ஜூலை முடிந்த பிறகு செய்யும் அவுட்போர்டு படகுகளுக்கு இன்னொரு விதி சேர்ந்தது: உள்ளே தண்ணீர் நிரம்பினாலும் படகு கவிழாமல், மட்டமாக மிதக்க வேண்டும். ஆட்கள் அதைப் பற்றிக்கொண்டோ உள்ளேயே உட்கார்ந்தோ உயிர் தப்பலாம். இதற்காகத்தான் இருக்கைக்கு அடியிலும் பக்கங்களிலும் நுரைக்கட்டி திணித்திருப்பார்கள்.

படகைத் திருத்துகிறவர் முதலில் பிய்த்து எறிவது எதை? அந்த நுரைக்கட்டியைத்தான்! 'இடத்தை அடைக்கிறது, இங்கே தூண்டில் பெட்டி வைக்கலாம்' என்பது நியாயம். அடுத்து நடு இருக்கையை அறுப்பார்கள். ஜான் போட்டில் குறுக்கே ஓடும் இருக்கை உட்காருவதற்கு மட்டும் இல்லை, இரண்டு பக்கச் சுவரையும் விரியாமல் பிடித்திருக்கும் உத்திரமும் அதுதான். அறுத்தால் அதே வேலையைச் செய்ய வேறு சட்டம் அடித்தாக வேண்டும். பிறகு மேடை. தரையில் நிற்கும் ஆளை ஒரு அடி உயரத்தில் நிறுத்தினால் எடை மையம் மேலே போகிறது. தட்டை அடிப் படகு கொஞ்சம் சாய்ந்தால் எதிர்த்து நிற்கும். ஒரு அளவைத் தாண்டிவிட்டால் எச்சரிக்கை இல்லாமல் புரளும். கூடவே ஒவ்வொன்றும் 25 கிலோ கனத்தில் இரண்டு ஈய பேட்டரி, கனமான பிளைவுட், இரண்டு ஆள். தகட்டில் போட்டிருக்கும் எடை வரம்பில் பாதி, மீன்பிடிக்கக் கிளம்பும் முன்பே தீர்ந்துவிடும். லித்தியம் பேட்டரி வந்த பிறகு இந்தக் கணக்கு கொஞ்சம் இளகியிருக்கிறது. அது பாதி எடைதான்.

குதிரைத்திறன் கணக்கையும் பாருங்கள், சுவாரசியமானது. 14 அடி நீளம், பின்பலகை 4 அடி அகலம். பெருக்கினால் 56. கைப்பிடியால் திருப்பும் தட்டை அடிப் படகு என்றால் அதில் பாதியை எடுத்து 15ஐக் கழிக்க வேண்டும். 13 வருகிறது. ஐந்தின் மடங்காக உயர்த்திக்கொள்ளலாம் என்பதால் 15 குதிரைத்திறன். அவ்வளவுதான் வரம்பு. 25ஐ மாட்டினாலும் படகு ஓடும், வேகமாகவே ஓடும். திடீரென்று திருப்பும்போதுதான் விஷயம் தெரியும். ஓட்டுகிறவர் தூக்கியெறியப்பட்டால் மோட்டாரை நிறுத்தும் கயிற்றை, தன் போட்டிகளில் ரே ஸ்காட் எப்போதோ கட்டாயமாக்கிவிட்டார். 26 அடிக்குக் குறைவான படகுகளுக்கு அது அமெரிக்கச் சட்டமானது 2021 ஏப்ரலில்தான். படகு விபத்தில் இறப்பவர்களில் பெரும்பாலோர் நீரில் மூழ்கியவர்கள், அவர்களில் பெரும்பாலோர் மிதவை உடை போடாதவர்கள் என்று அந்நாட்டுக் கடலோரக் காவல் படையின் அறிக்கைகள் வருடா வருடம் சொல்கின்றன.

இன்னொரு பகை மெதுவாக வருவது. கரையான், பூஞ்சை அரிக்காமல் மருந்து ஏற்றிய மரம் என்று கடையில் விற்கிறதே, அதில் செம்பு இருக்கிறது. 2003 கடைசியோடு அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு ஆர்செனிக் கலந்த பழைய மருந்தை நிறுத்திவிட்டு, செம்பு அதிகமுள்ள புது மருந்துக்கு மாறினார்கள். வீட்டுக்கு நல்லது, படகுக்கு எமன். ஈரமான செம்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருந்தால் இரண்டும் சேர்ந்து ஒரு பேட்டரி ஆகிவிடும். கரைவது அலுமினியம். அழுகவே அழுகாத மேடை என்று பெருமையாக அடித்தவர், சில வருடம் கழித்துக் கார்பெட்டைத் தூக்கினால் படகின் தரையில் ஊசி ஊசியாக ஓட்டை! ஆகவே விவரம் தெரிந்தவர்கள் சாதாரண பிளைவுட்டுக்கு நீர் புகாத பூச்சு அடித்துப் போடுகிறார்கள், அல்லது அலுமினியத் தகட்டையே மேடையாக்குகிறார்கள். மின்சார வயரை படகின் உடம்போடு இணைக்காமல், போகவும் வரவும் தனித்தனி வயர் இழுப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது அதிகமில்லை. படகின் பெயரிலேயே அளவு இருக்கும். 1448 என்றால் 14 அடி நீளம், அடிப்பாகம் 48 அங்குல அகலம். எழுந்து நின்று மீன் பிடிக்கிறவருக்கு நீளத்தைவிட அகலம் முக்கியம். 1436ஐ வாங்கி அதில் மேடை கட்டியவர்கள் பிறகு வருந்துவது வழக்கம். பெரிய ஏரியில் அலை அடித்தால் தட்டை அடிப்பாகம் தடதடவென்று அறையும்; அங்கே முன்பக்கம் கூராக வளைந்த வகை நல்லது. பெட்ரோல் மோட்டாருக்கு அனுமதி இல்லாத குடிநீர் ஏரிகளில் தட்டைப் படகுக்கு நிகரில்லை. பழைய படகென்றால், அதை ட்ரெய்லரில் வைத்தபடியே உள்ளே கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவிட்டு அடியில் போய்ப் பார்ப்பார்கள். சொட்டும் ரிவெட்டுக்குப் பக்கத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம். எத்தனை வட்டமோ அத்தனைக்கு விலையில் பேரம். பின்பலகைக்குள் இருக்கும் மரம் அழுகியிருக்கிறதா என்று மோட்டார் மாட்டும் இடத்தைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பதும் உண்டு.

1950களிலும் 60களிலும் செய்த அலுமினியப் படகுகள் அமெரிக்கக் கிராமங்களில் இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. கட்டிய கம்பெனி சில சமயம் இருக்காது. எடை வரம்புத் தகடு வரும் முன்பே செய்தவை என்பதால் எத்தனை பேர் ஏறலாம் என்று சொல்லவும் எதுவும் இருக்காது. வாங்குகிறவர் வீட்டுக்குக் கொண்டுவந்து முதலில் செய்யும் வேலை, முந்தைய சொந்தக்காரர் ஆசையாசையாக அடித்து, இப்போது ஊறி அழுகிப் போயிருக்கும் பிளைவுட் மேடையைக் கழற்றி எறிவது. அதற்கப்புறம் டேப்பை எடுத்துக்கொண்டு, புது மேடைக்கு அளவெடுக்க உட்காருகிறார்.